மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மறதிநோய் முற்றிய பெரியவரை இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று முடிவெடுப்பதற்குள் ஒரு குடும்பத்துக்குப் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. எந்த இல்லத்தில் சேர்ப்பது என்பதை மட்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிவு செய்துவிடுகிறார்கள். காலை பதினொரு மணிக்குப் போகிறார்கள். பெரியவர்கள் குளித்து, பவுடர் பூசி, கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தரை பளபளக்கிறது. டிவியில் பக்திப் பாட்டு ஓடுகிறது. மேலாளர் பொங்கல் விழா படங்களைக் காட்டுகிறார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். முதியோர் பராமரிப்பு வேலையில் பல ஆண்டுகளாக இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். பதினொரு மணிக்கு எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். மாலை ஆறு மணிக்கு ஒரு முறையும், இரவு ஒன்பதரைக்கு மேல் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத இல்லத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

வெயில் இறங்கும் நேரத்தில் மறதிநோயாளர்கள் பலருக்குப் பதற்றம் கூடும். வெளிச்சம் மங்கி, பகல் முழுக்கச் சேர்ந்த களைப்பும் கூடும்போது, இது எந்த இடம் என்ற பிடி நழுவிவிடுகிறது. பையைத் தூக்கிக்கொண்டு கேட் அருகே போய் நிற்பார்கள். பணியாளர்கள் டியூட்டி மாறுவதும், சமையலறையில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவசரப்படுவதும் ஏறக்குறைய அதே நேரம்தான். கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து ஒன்றை மட்டும் கவனியுங்கள். "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும், பசங்க வந்துடுவாங்க" என்று ஒரு பாட்டி எழுந்தால் ஆயா என்ன சொல்கிறார்? "இதுதாம்மா உங்க வீடு, எத்தனை வாட்டி சொல்றது, உட்காருங்க" என்றால் அவருக்கு யாரும் இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கவில்லை. "பசங்களுக்கு என்னம்மா டிபன் செய்வீங்க?" என்று கேட்டு, கையைப் பிடித்துக் கூடத்தை ரெண்டு சுற்று நடத்தி, காபி டம்ளரைக் கையில் கொடுக்கிறார் என்றால் அங்கே வேலை தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறார். மறுத்துப் பேசப் பேச இந்த நோயில் பதற்றம் ஏறும். அவர் போகிற வழியிலேயே கூடப் போய்த்தான் பேச்சைத் திருப்ப வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் எந்தச் சான்றிதழும் இதைக் காட்டாது.

அடுத்தது இரவு. "எங்களிடம் பதினைந்து பேர் வேலை செய்கிறார்கள்" என்பார்கள். அதில் சமையல்காரர், வாட்ச்மேன், டிரைவர், அலுவலகத்தில் இருப்பவர் எல்லோரும் சேர்த்தி. நீங்கள் கேட்க வேண்டியது: நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு, படுக்காமல் விழித்திருந்தவர்கள் எத்தனை பேர்? வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, பிறகு எட்டு முதல் எட்டு வரை என்று 12 மணி நேர டியூட்டி. ஆள் வராத நாளில் பகல் டியூட்டி பார்த்தவரே ராத்திரியும் தொடர்வார். 24 மணி நேரம் நின்றவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது பேர் இருக்கும் இல்லத்தில் எட்டுப் பேர் படுத்த படுக்கை என்று வைத்துக்கொள்வோம். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கொரு முறை ஒருக்களித்துத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகின் அடிப்பகுதியிலும் இடுப்பெலும்பு மேலும் குதிகாலிலும் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் வரும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று நான்கு முறை, எட்டுப் பேருக்கு 32 தடவை. இழுக்காமல், தோல் உரசாமல் தூக்கித் திருப்ப இரண்டு பேர் வேண்டும், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் ஆகும். அதுவே 160 நிமிடம். டயப்பர் மாற்றுவது, எழுந்து நடமாடுகிறவர்களைக் கழிவறைக்குக் கூட்டிப்போவது, கத்துகிறவர் பக்கத்தில் உட்காருவது எல்லாம் இதற்கு மேல். ஒரே ஒரு ஆயா இருக்கும் இல்லத்தில் இது நடக்க வழியே இல்லை. காற்று மெத்தை போட்டிருக்கிறோம் என்பார்கள். காற்று மெத்தை நல்லதுதான், ஆனால் அது இருந்தாலும் திருப்பிப் படுக்கவைக்கத்தான் வேண்டும். மோட்டார் ஓடுகிறதா, மெத்தை காற்றில்லாமல் தட்டையாகக் கிடக்கிறதா என்று கையை வைத்து அழுத்திப் பாருங்கள்.

ராத்திரி ஆள் இல்லாத இடத்தில் இரண்டு குறுக்கு வழிகள் வந்துவிடும். ஒன்று கட்டிவைப்பது, மற்றொன்று மருந்து கொடுத்துத் தூங்கவைப்பது.

கட்டுவது என்றால் சங்கிலி என்று நினைக்க வேண்டாம். பழைய புடவைக் கிழிசலால் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவதும், எழ முடியாதபடி முன்பலகையைப் பூட்டும் நாற்காலியில் நாள் முழுக்க உட்காரவைப்பதும், விரல்களைப் பயன்படுத்த முடியாதபடி கையில் துணிப்பையை உறைபோல மாட்டுவதும் கட்டிவைப்பதுதான். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதும் அதோடு சேர்ந்ததுதான். நாற்காலிக் கைப்பிடியில் துணி தேய்ந்த தடம் இருக்கிறதா, பெரியவர்களின் மணிக்கட்டில் வரிவரியாகச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டிலின் இருபுறமும் கம்பியைத் தூக்கிவிட்டால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். நடக்க முடிந்தவர் அதன் மேல் ஏறிக் குதிக்கப் பார்ப்பார். சாதாரணமாகக் கட்டிலிலிருந்து விழுவதைவிட அதிக உயரத்திலிருந்து விழுவார். தாழ்வான கட்டிலும் பக்கத்தில் தரையில் ஒரு மெத்தையும் இதற்குப் போதும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோய்க்குத் தரும் விளக்கத்தில் நினைவிலும் இடம், காலம் அறிவதிலும் ஏற்படும் கடுமையான கோளாறும் அடங்கும். அதன் 97ஆம் பிரிவு, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவர் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மட்டுமே ஒருவரைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக் கூடாது, தனியறையில் அடைத்துவைக்கவே கூடாது என்பதும் அந்தப் பிரிவில் இருக்கிறது. இதை மேலாளரிடம் எடுத்துச் சொல்லி, அவர் முகத்தைப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர்களை வைத்திருந்த கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அதனால் இல்லத்துக்குப் போகிறவர்கள், ராத்திரி பூட்டும் இரும்புக் கேட்டுக்கும் மாடிப் படிக்கட்டுக் கிரில்லுக்கும் சாவி யார் கையில் இருக்கிறது, எத்தனை நொடியில் திறக்கிறார்கள் என்று நேரிலேயே திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். படுத்த படுக்கையானவர்களை முதல் மாடியில் வைத்திருந்தால், லிஃப்ட் நின்றுபோனால் எப்படி இறக்குவார்கள் என்றும் கேளுங்கள்.

மருந்து விஷயம் இதைவிட மறைவானது. ரிஸ்பெரிடோன், குயிட்டியாபின், ஹாலோபெரிடால் போன்றவை மனச்சிதைவுக்காக வந்த மருந்துகள். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவற்றைக் கொடுப்பது இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புதிய வகை மருந்துகளுக்கு 2005இலும் பழைய வகைக்கு 2008இலும் எச்சரிக்கை விடுத்தது. அடிக்க வருகிறார், இல்லாததைக் கண்டு அலறுகிறார் என்ற நிலையில் குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்கு இவை தேவைப்படலாம். யார் எழுதிக்கொடுத்தார், எப்போது மறுபடி பார்த்துக் குறைப்பார் என்று தெரியாமல் மாதக் கணக்கில் ஓடுவதுதான் தவறு. லூயி பாடி வகை மறதிநோய் உள்ளவருக்கு ஹாலோபெரிடால் கொடுத்தால் உடம்பு மரக்கட்டையாக இறுகிப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே "உங்கள் அப்பாவுக்கு எந்த வகை?" என்று இல்லத்துக்காரர்கள் உங்களைக் கேட்டால் சந்தோஷப்படுங்கள். கேட்கவே இல்லை என்றால் யோசியுங்கள்.

ராத்திரிக்குத் தூக்க மருந்து கொடுத்தால் அது அன்றோடு முடிவதில்லை. மறுநாள் பகலிலும் அரை மயக்கம் இருக்கும். சாப்பாடு இறங்காது, தண்ணீர் குடிக்க மாட்டார். மலம் கட்டும், சிறுநீர்த் தொற்று வரும். அந்த வலியிலும் காய்ச்சலிலும் பிதற்றுவார், கத்துவார். நோய் முற்றிவிட்டது என்று மருந்தைக் கூட்டுவார்கள். தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதன் பிறகு பலர் எழுந்து நடப்பதே இல்லை. ஆகவே ஒரு கேள்வியை எல்லா இல்லத்திலும் கேளுங்கள்: "நேற்று வரை அமைதியாக இருந்தவர் இன்று திடீரென்று கத்த ஆரம்பித்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" காய்ச்சல், பிரஷர், சுகர் பார்ப்போம், எப்போது மலம் கழித்தார் என்று நோட்டில் பார்ப்போம், சிறுநீர் பரிசோதனைக்கு அனுப்புவோம், எங்காவது வலிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போம், புது மாத்திரை ஏதும் ஆரம்பித்தார்களா என்று பார்த்து டாக்டரைக் கூப்பிடுவோம் என்று சொன்னால் அது சரியான பதில். மறதிநோய் ஒரே நாளில் முற்றாது. ஒரே நாளில் மாறினால் உடம்பில் வேறு ஏதோ கோளாறு. "டாக்டருக்குப் போன் போட்டு ஊசி போட்டுவிடுவோம்" என்ற பதில் வந்தால் அடுத்த இல்லத்தைப் பாருங்கள்.

சாப்பாட்டு வேளையில் ஒரு முறையாவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். மெனு கார்டை விட்டுவிடுங்கள், ஊட்டுவதைப் பாருங்கள். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டினால் பெரியவர் அண்ணாந்து வாங்குவார். கழுத்து பின்னால் சாய்ந்தால் உணவு மூச்சுக்குழலுக்குள் போவது சுலபம். எதிரே ஸ்டூல் போட்டு, கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, சின்ன ஸ்பூனில் அரை ஸ்பூன் கொடுத்து, தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு முப்பது, நாற்பது நிமிடம் ஆகும். நான்கு பேரை வரிசையில் உட்காரவைத்து ஒரே ஆயா மாறி மாறி ஊட்டினால் அது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வாயோரம் ஒதுக்கி வைத்த சோறு அப்படியே இருக்கும், படுக்கவைத்ததும் புரை ஏறும். புரை ஏறிப் போனது நுரையீரலில் தங்கி நிமோனியா ஆவது முற்றிய மறதிநோயில் முக்கியமான சாவுக் காரணம். சாப்பிட்ட பிறகு குறைந்தது அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காரவைக்கிறார்களா என்று பாருங்கள்.

என்ன கொடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு நீர்க்கஞ்சி லேசான ஆகாரம் என்று நாம் நினைத்துக் கொடுக்கிறோம். தண்ணீராக ஓடுவதுதான் அவருக்கு முதலில் புரை ஏறும். ரசம் சாதம் இன்னும் மோசம்: ரசம் முன்னால் ஓடிவிடும், பருக்கை வாயிலேயே நிற்கும். குழையப் பிசைந்த தயிர் சாதம், கெட்டியான ராகிக் கூழ், மசித்த வாழைப்பழம் பாதுகாப்பானவை. உதிரிப் புட்டு, முறுக்கு, முழுத் திராட்சை கூடாது. மாத்திரையை எல்லாம் சேர்த்து நசுக்கிக் கொடுப்பதைப் பார்த்தால் கேளுங்கள். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையை நசுக்கினால் முழு நாள் மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

"மூக்கு வழியாகக் குழாய் போட்டால்தான் வைத்துக்கொள்வோம்" என்று சொல்லும் இல்லங்கள் உண்டு. காரணம் வெளிப்படையானது: குழாயில் ஊற்ற ஐந்து நிமிடம், ஊட்ட நாற்பது நிமிடம். ஆனால் முற்றிய மறதிநோயில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. பெரியவர் உறுத்துகிறதே என்று குழாயைப் பிடுங்குவார். பிடுங்குகிறார் என்று கையைக் கட்டுவார்கள். பக்கவாதம் வந்து சில வாரம் விழுங்க முடியாமல் இருப்பவர் கதை வேறு. சேர்க்கும் முன்பே, கடைசி வரை கையால் ஊட்டுவீர்களா என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. கழிவறைச் சுவரில் இருக்கும் கைப்பிடியைப் பிடித்து உங்கள் முழு எடையையும் போட்டு இழுத்துப் பாருங்கள். வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கம்மோடு என்றிருந்தால் பெரியவருக்கு எங்கே உட்காருவது என்று தெரியாது. கம்மோடு இருக்கைக்கு வேறு நிறம் வேண்டும். பளபளக்கும் கிரானைட் தரை அவர் கண்ணுக்குத் தண்ணீராகத் தெரியும், கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும், காலை வைக்க மறுப்பார். ஒரு மூலையில் சிறுநீர் வாடை அடித்தால் இப்போதுதான் ஆகியிருக்கும் என்று விட்டுவிடலாம். எல்லா மெத்தையிலும் ஊறியிருந்தாலோ, அதை அமுக்க நாள் முழுக்க ஃபினாயில் நெடி அடித்தாலோ டயப்பர் நேரத்துக்கு மாற்றப்படவில்லை. நடக்க முடிந்தவருக்கு இரண்டு மணிக்கொரு முறை கழிவறைக்குக் கூட்டிப்போனால் டயப்பரே தேவைப்படாமல் இருக்கலாம். சேர்த்த அன்றே எல்லோருக்கும் டயப்பர் என்றால் அது அவர்கள் வசதிக்காக.

நோட்டுகளைக் கேட்கத் தயங்காதீர்கள். பெயரை மறைத்துக் காட்டினாலும் போதும். எடை நோட்டு மாதம் ஒரு முறையாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் எடை குறைந்தால் காரணம் தேட வேண்டும். அறுபது கிலோ இருந்தவருக்கு அது ஒரு மாதத்தில் மூன்று கிலோ. பிறகு மலம் கழித்த நோட்டு, விழுந்தவர்கள் பற்றிய நோட்டு, மருந்து கொடுத்துக் கையெழுத்திட்ட நோட்டு. கடந்த ஆறு மாதத்தில் யாருமே விழவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். விழுந்ததை எழுதுகிற இல்லம்தான் அடுத்த தடவை விழாமல் பார்க்கும். திருப்பிப் படுக்கவைத்த அட்டவணையைக் காலை பத்து மணிக்கு எடுத்துப் பாருங்கள். மாலை நான்கு மணி வரைக்கும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் டிக் போட்டிருந்தால் மற்ற நோட்டுகளை நீங்கள் பார்க்கவே வேண்டாம்.

மொழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் போகும், தாய்மொழி கடைசி வரை நிற்கும். ஆங்கிலத்திலேயே நாற்பது வருடம் ஆபீஸ் நடத்தியவர் தமிழுக்குத் திரும்புவார். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசி வளர்ந்தவர் அதற்குத் திரும்புவார். இன்று சென்னை, கோவை இல்லங்களில் ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். பாசமாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்களில் ஏராளம். ஆனால் "ஒண்ணுக்கு வருது", "இங்கே வலிக்குது", "தண்ணி வேணும்" என்ற மூன்றும் புரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விபத்து நடக்கும். ஒவ்வொரு டியூட்டியிலும், குறிப்பாக ராத்திரியில், பெரியவரின் மொழி தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

பணம் பற்றிச் சொன்னால், மாதக் கட்டணத்தில் டயப்பர், மருந்து, பிசியோதெரபி, ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும் ஆள் ஆகியவை சேர்த்தியா என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா, இறந்துவிட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் அதில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, எந்த நிலை வந்தால் திருப்பி அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். நடமாடும்வரை வைத்துக்கொண்டு, படுத்த படுக்கையானதும் ஒரு வாரம் கெடு கொடுக்கும் இல்லத்தால், மிக மோசமான நேரத்தில் பெரியவர் மறுபடி இடம் மாற வேண்டிவரும். சேர்த்த பிறகு இரண்டு வாரம் வந்து பார்க்காதீர்கள், அப்போதுதான் பழகுவார் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழக நாளாகும் என்பது உண்மை. பழக்குவதற்குத் தெரிந்த முகம்தான் உதவும்.

சேர்த்த பிறகும் ஒவ்வொரு முறை போகும்போதும் ஐந்து இடங்களைப் பாருங்கள்: குதிகால், நாக்கு உலர்ந்திருக்கிறதா, நகம், மூக்குக் கண்ணாடி அவருடையதுதானா, பல்செட் அவர் வாயில்தான் இருக்கிறதா. தண்ணீர் டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஏதாவது தவறு கண்டு மேலாளர் கேட்கவில்லை என்றால் முதியோருக்கான உதவி எண் 14567 இருக்கிறது.

இதையெல்லாம் ஒவ்வொரு குடும்பமும் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியிருப்பதுதான் எங்கள் வருத்தம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007, தன் 19ஆம் பிரிவில் மாவட்டத்துக்கு ஒன்றாக, ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கும் இல்லங்களை அரசு அமைக்கலாம் என்கிறது. மறதிநோயாளருக்கு என்ன தனி ஏற்பாடு என்று அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை. முதியோர் இல்லமாகப் பதிவு செய்துவிட்டு மறதிநோயாளர்களைச் சேர்க்கும் இல்லங்களை மாநில மனநல ஆணையப் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும். ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் வருடத்தில் ஒரு முறையாவது இரவு பத்து மணிக்கு மேல், சொல்லாமல் போக வேண்டும். ஒவ்வொரு இல்லத்தின் வாசலிலும் ஒரு பலகை வைக்கச் சொல்ல வேண்டும்: பதிவு எண், எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை பேருக்கு அனுமதி, இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள், இன்று இரவு விழித்திருந்து வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர். கடைசி இரண்டு எண்களையும் தினமும் சாக்பீஸால் அழித்து எழுதினால் போதும்.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்புப் பணியில் இருப்போர் சிலர்,
சென்னை